வாங்க, போங்க

கணேசன் தன் மனைவியிடம் ‘வாங்க, போங்க’ என்று பேசத் தொடங்கியது போன மாசியில். மஞ்சூருக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகளில் எந்த ஆணும் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து ‘ஏய்’ என்றும் ‘இந்தா புள்ள’ என்றும்தான் கூப்பிட்டிருந்தான். சுகந்திக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கம் வந்தது, அப்புறம் அது பிடித்துப்போயிற்று.

அதற்கு முந்தின வருஷம் சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்கையில் ஒன்று முறிந்து அவன் தலையில் விழுந்தது. கோயமுத்தூரில் மண்டையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்தார்கள். பிழைத்து வந்தவன் கத்துவதில்லை, குடிப்பதில்லை. சோறு போட்டால் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டான்.

“மரம் அடிச்சு மரியாதை வந்த ஒரே ஆளு உன்ற ஊட்டுக்காரன்தான்டி. என்ற ஆளையும் அந்த மரத்தடிக்குக் கூட்டீட்டுப் போகோணும்” என்றாள் பக்கத்து வீட்டு மாரியாயி. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். சுகந்தியும் சிரித்தாள். அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

கோயமுத்தூர் கல்லூரி ஒன்றில் மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் பிரீத்தி ஆறு மாதத்துக்கொரு முறை வருவாள். தலையில் அடிபட்டவர்களின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பது அவள் வேலை. மேலே காயம் ஆறினாலும் சிலருக்கு உள்ளே மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே போகிறது. அது யாருக்கு, ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பாள். கணேசனிடம் தேதி கேட்பாள், கணக்குக் கேட்பாள், மனைவி பெயரைக் கேட்பாள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்வான். சுகந்தியிடம் குணம் எப்படி என்று கேட்பாள். தங்கமாக மாறிவிட்டார் என்பாள் இவள். கோபம் குறைந்துவிட்டது, நல்ல முன்னேற்றம் என்று பிரீத்தியும் எழுதிக்கொள்வாள்.

இந்த முறை வந்தபோது, போன தடவை எடுத்த ரத்தத்தின் முடிவு சரியில்லை, மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும், மனைவி ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். சுகந்தி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

கணேசன் சங்கடத்தோடு எழுந்து நின்றான். “ஏனுங்க டாக்டரம்மா, இவங்க எதுக்குங்க போடறாங்க? என்ற ஊட்டுக்காரி வரட்டுங்க.”

பிரீத்தி சுகந்தியைக் காட்டி, இவர் யார் என்று மெதுவாகக் கேட்டாள்.

“தெரியலீங்க. நல்லவங்க. சோறாக்கிப் போடறாங்க. பேரு கேட்டாத் தப்பா நெனச்சுக்குவாங்கன்னு கேக்கலீங்க.”

“உங்க சம்சாரம் எங்க போயிருக்காங்க?”

“சுகந்திங்களா? கொழுந்துக்குப் போனா. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்ங்க. ஆனா என்னை உட்டுட்டு இருக்க மாட்டா.”

போனா, அவளுக்கு, மாட்டா. சுகந்தி அந்தச் சொற்களைக் கேட்டுக்கொண்டு நின்றாள். தனக்கு வந்த மரியாதை, ஊர் பேர் தெரியாத பொம்பளைக்குக் கொடுக்கிற மரியாதை என்று அப்போதுதான் புரிந்தது.

வாசலுக்கு வந்ததும் பிரீத்தி சுகந்தியிடம் சொன்னாள். “பேரைக் கேட்டேனே தவிர, ஒரு நாளாச்சும் உங்களைக் காட்டி யாருன்னு கேக்கலீங்க அக்கா. நோயைப் போயி நல்லதுன்னு எழுதி வெச்சுட்டேன்.”

திரும்பி வருமா என்று சுகந்தி கேட்டாள். பிரீத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அவள் வந்த ஜீப் மலையிறங்கிப் போயிற்று.

சுகந்தி பின்பக்கமாகப் போய், பறிக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சீலையைக் கட்டிக்கொண்டாள். தலையில் துணியைச் சுற்றி, கூடையை முதுகில் மாட்டி, தேயிலைக்குள் இறங்கி நின்றாள். மலையில் மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. வேலை விட்டுப் பெண்கள் வரத் தொடங்கியதும் அவர்களோடு சேர்ந்து ஏறி வந்து, எப்போதும் போலக் கூடையைத் தொப்பென்று போட்டுவிட்டு, எப்போதும் போல அதட்டினாள்.

“அடுப்பப் பத்த வெச்சீங்களா, இல்ல நானே வந்துதான் பத்த வெக்கோணுமா?”

கணேசன் அவள் முகத்தை நெடுநேரம் பார்த்தான். அவன் உதடு எதையோ தேடுவது போல அசைந்தது. பிறகு பலகையைத் துடைத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

“வாங்க, உக்காருங்க. சுகந்தி இன்னும் வரலீங்க.”