மாசியில் விழுந்த அருவி

"குற்றாலம் ஐந்தருவியில் தண்ணீர் பொங்கி விழுகிறது, சாரல் வெகு சுகம்" என்று தில்லைநாயகம் பிள்ளை கணீரென்று வாசித்ததும், வாசகசாலைப் படியில் உட்கார்ந்திருந்த முப்பிடாதியம்மாள் நிமிர்ந்தாள். அது மாசி மாதம். தென்காசி வெயில் முதுகுத் தோலை உரித்துக்கொண்டிருந்தது.

வாசகசாலைக்காரர்கள் போன வருஷம் ஒரு தருமம் செய்தார்கள். கண் தெரியாதவர்களுக்கு இலவசமாகப் பத்திரிகை வாசித்துக் காட்டப்படும் என்று பெரிய பலகை எழுதி வாசலில் மாட்டினார்கள். கண் தெரியாதவர்கள் பலகையை எப்படிப் படிப்பார்கள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மாலை போட்டார்கள், காப்பி குடித்தார்கள், கலைந்தார்கள். வந்து சேர்ந்தது அம்மையில் கண்ணைப் பறிகொடுத்த முப்பிடாதி ஒருத்திதான். பால் ஊற்றிப் பிழைக்கிற பொம்பளையை உள்ளே விட முடியுமா? படி போதும் என்றார்கள். அவளுக்கும் போதும். மகன் மாடக்கண்ணு பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூரில் இருந்தான். யுத்தச் செய்தி காதில் விழுந்தால் சரி. செயலாளர் பிள்ளையும் தினம் வாசித்தார். தெருவில் யாராவது நின்று பார்த்தால் குரல் இன்னும் கொஞ்சம் ஏறும்.

ஆனால் கொஞ்ச நாளாகப் பத்திரிகையில் சிங்கப்பூர் வரவே இல்லை. புளியங்குடி எலுமிச்சை விலை வந்தது. எந்த ஊர் ஜமீன்தார் வீட்டுக் கல்யாணமோ வந்தது. இன்றைக்குச் சாரல்.

"மாசியில சாரலா அண்ணாச்சி? அது எந்தப் பேப்பரு?"

"இன்னைக்கு வந்ததுதான், முப்பிடாதி."

அவள் கையை நீட்டித் துழாவிப் பத்திரிகையைப் பிடித்தாள். பல தடவை துவைத்த வேட்டி மாதிரி நைந்து கிடந்தது.

"இது ஆடி மாசத்துப் பேப்பரு. இன்னைக்குள்ளது எங்க?"

உள்ளே யாரோ கனைத்தார்கள்.

"உன் நல்லதுக்குத்தான். உன் மனசு தாங்காதேன்னு நாங்க எல்லாரும் சேந்து..." என்று இழுத்தார் பிள்ளை.

"எல்லாருமா?"

எல்லாரும்தான். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனது பூக்கட்டுகிறவள் வரை தெரியும். முப்பிடாதி பால் செம்போடு வந்தால் பேச்சை மாட்டுக்கும் மழைக்கும் மாற்றிவிட ஊரே பழகியிருந்தது.

"எம் மவன் இருக்கானா செத்தானான்னு ஊரெல்லாம் பேசுதிய. பெத்தவ எலுமிச்சங்கா விலை கேட்டுட்டு உக்காந்திருக்கேன்! கண்ணுதானய்யா இல்ல. எனக்குத் தாங்குமா தாங்காதான்னு சொல்ல நீரு யாரு? இலவசமா வாசிச்சா இப்பிடித்தான் வாசிப்பியளோ?"

"தொண்டை வத்த வாசிச்சதுக்கு இதுவா மரியாதை!" என்றார் பிள்ளை. அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது, தனக்காகத்தான்.

முப்பிடாதி படியேறி உள்ளே போனாள். வாசகசாலைக்குள் ஒரு பொம்பளை கால் வைத்தது அதுதான் முதல் தடவை. நாற்காலிகள் பதறி நகர்ந்தன. மேசையைத் தடவி, மை வாசம் மாறாத விறைப்பான தாளை எடுத்துக்கொண்டாள்.

"ஏட்டி, பேப்பரை வெளிய கொண்டு போகக் கூடாதுட்டி! சட்டம் இருக்கு!"

சட்டத்தைத் தாண்டி அவள் பஜாரில் இறங்கினாள். காலடி கேட்ட பக்கமெல்லாம் தாளை நீட்டினாள். கடைக்கார இசக்கியப்பனுக்கு அன்று பார்த்து எடை போட ஆள் நின்றது. வாத்தியார் ஒருவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்றார். கண்ணாடி மூக்கின் மேலேதான் இருந்தது.

கடைசியில் அவள் வாடிக்கையாகப் பால் ஊற்றும் ஜாஹிரா பீவி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும்க்கா."

"கூட்டியே வாசி. ஒரு எழுத்தையும் விட்டுராத."

"நல்ல சேதியா இல்லன்னா?"

"விட்டுராதங்கேன்."

ஜாஹிரா நடைவாசலில் தாளை விரித்து, சிங்கப்பூர் என்ற பெரிய எழுத்துத் தெரிந்த இடத்தில் விரலை வைத்தாள். முப்பிடாதியும் அந்த விரலின் மேல் தன் விரலை வைத்துக்கொண்டாள். இரண்டும் சேர்ந்து ஒவ்வோர் எழுத்தாக ஊர்ந்தன. இரண்டாம் வரியின் நடுவில் ஜாஹிராவின் குரல் நின்றது, விரலும் நின்றது.

முப்பிடாதி அந்த விரலை அடுத்த எழுத்துக்குத் தள்ளினாள்.