சலவைக்கூடத்தில் பாப்பா

இருபத்தாறு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். பேச்சு நிதானமாக வரும். எதையும் புரிந்துகொள்ள மற்றவர்களைவிட நேரம் பிடிக்கும். அவளுடைய அம்மா தையல்காரி. மெஷினை மிதித்தபடியே ஒரு கண்ணை மகள் மேல் வைத்துப் பழகியவள்.

இப்படிப்பட்டவர்களுக்கு வெளியில் வேலை தேடித் தரும் பயிற்சியாளர் வீட்டுக்கு வந்தபோது அம்மா பிடிகொடுக்கவே இல்லை. பரிதாபப்பட்டுக் கொடுக்கும் வேலை இல்லை, எல்லோரோடும் சேர்ந்து, எல்லோருக்கும் உள்ள அதே சம்பளத்துக்கு என்று அந்தப் பெண் விளக்கினாள். பிறகு பாப்பாவின் பக்கம் திரும்பி, என்ன வேலை பிடிக்கும் என்று கேட்டாள். அதுவரை அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"துணி மடிக்கிறது" என்றாள் பாப்பா, கொஞ்சம் யோசித்து.

அம்மா அரை மனதோடு சம்மதிக்க, பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இடம் கிடைத்தது. உலர்த்தும் இயந்திரம் ஓய்ந்ததும் அலறும் மணிதான் அவளுக்கு ஆகவில்லை. பாப்பா காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் உட்கார்ந்துவிட்டாள். இது சரிப்படாது என்று கையை விரித்தார் மேற்பார்வையாளர். பயிற்சியாளர் விடவில்லை. மணிக்குப் பதில் ஒரு சிவப்பு விளக்கு போதுமே என்று கெஞ்சிக் கூத்தாடி மாட்ட வைத்தாள். தலைவலி விட்டது என்று இஸ்திரி போடுபவர்களும் நிம்மதியடைந்தார்கள்.

முதலில் பாப்பாவின் தோளோடு தோளாக நின்ற பயிற்சியாளர், பிறகு வாசலோடு நின்றாள். அப்புறம் போனில் விசாரிப்பதோடு சரி. அம்மாவுக்குத்தான் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பொறுக்கமாட்டாமல் ஒரு மதியம் சலவைக்கூடத்துக்கே கிளம்பிப் போய்விட்டாள்.

உள்ளே பாப்பா ஒரு விரிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கறை இருக்கிறது என்று பக்கத்துப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணும் முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டாள். மகளின் நெற்றி வியர்வையைக் கண்டதும் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஓடிப்போய் அடுத்த விரிப்பின் நுனியைப் பிடித்தாள்.

"அம்மா, இது என் வேலை" என்றாள் பாப்பா, கோபமே இல்லாமல். "நீங்க வீட்டுக்குப் போங்க. நான் வந்துடுவேன்."

அம்மா கையை எடுத்துவிட்டாள். மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே வாசல்வரை வந்தார்.

"காய்ச்சல்னு இவ வராதப்போ எங்களுக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருந்துச்சுங்க" என்றார்.

பேருந்து நிறுத்தத்தில் நின்று பயிற்சியாளருக்குப் போன் போட்டாள் அம்மா. சொல்ல நினைத்தது எவ்வளவோ.

"நீங்க நல்லா இருக்கணும்மா" என்று மட்டும் வந்தது.

பயிற்சியாளர், தான் இன்னொரு வீட்டில் இருப்பதாகவும், அங்கேயும் ஒரு அம்மா மகனை அனுப்ப மாட்டேன் என்று ஒரே பிடியாக நிற்பதாகவும் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"போனை அவங்ககிட்ட குடுங்க" என்றாள் தையல்காரி.

பேருந்து வந்து நின்று, போயும் விட்டது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.