முச்சாதுரா

நாய் வேண்டும் என்று கேட்டது என் கணவர்தான். அவருடைய தங்கை எனெரேசி இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. மகன் ரூனாக்கோ பள்ளி விடுதியில். வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்றார்.

தெருநாய்களை எடுத்து வளர்க்கும் காப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மதிலை அளந்தாள், இரும்புக் கதவை ஆட்டிப் பார்த்தாள்.

"பகல்ல வீட்டுல யாராவது இருப்பீங்களா?"

"இவ இருப்பா. எப்பவும் இருப்பா," என்றார் அவர்.

சனிக்கிழமை அவர் மட்டும் போய், காது கிழிந்த ஒரு பழுப்புப் பெட்டைக் குட்டியைக் கொண்டுவந்தார். "பேரு முச்சாதுரா. அங்கேயே வச்சதாம்."

எங்கள் மொழியில் 'ஒருநாள் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்' என்று அர்த்தம். ஹராரேயில் இது சகஜம். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை நாய்க்குப் பெயராக வைத்து, உரியவர் காதில் விழும்படி கத்திக் கூப்பிடுவோம். அன்று மாலையே மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டுத் தினாஷே அம்மாவின் தலை தெரிந்தது.

"ஏம்மா, நான் எதை ஒத்துக்கணும்? உன் கோழியைத் தின்னதையா?"

"ஐயோ, அது காப்பகத்துல வச்ச பேருக்கா!"

"நல்லா வச்சாங்க! என் நாய்க்கும் பேரு மாத்தத் தெரியும் எனக்கு!"

சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

எனெரேசி வந்தால் என் சட்டியைத் திறந்து பார்ப்பாள். சட்ஸா, அந்தச் சோளக்களி, கட்டி தட்டியிருக்கிறது என்பாள். எங்களில் கணவனின் தங்கை என்றால் பாதி மாமியார். பதில் பேசக் கூடாது. அவள் இறந்த அன்று மதியம் மூன்று மணிக்கு வாசல் கதவு ஆடியது. திரையை விலக்கிப் பார்த்தேன். அவள்தான், கம்பியைப் பிடித்தபடி. இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று திரையை விட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன். ரொம்ப நேரம் ஆட்டினாள். அவளுக்கு மூச்சிரைப்பு வந்திருந்தது என்பது எனக்குத் தெரியாது. திரும்பிப் போகும் வழியில், வேன் நிற்கும் இடத்தில் விழுந்து இறந்து கிடந்தாள். சாவு வீட்டில் எல்லோரையும்விட நான்தான் சத்தமாக அழுதேன். சந்தைக்குப் போயிருந்தேன் என்று சொன்னேன்.

நாய் மூன்று மணிக்கெல்லாம் வாசலுக்குப் போய்விடும். ஆளில்லாத கதவைப் பார்த்து வாலை ஆட்டும். வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன், திரும்பவில்லை. அவர் வேலையிலிருந்து வந்ததும் முற்றத்தில் நின்று, "முச்சாதுரா!" என்பார். நாய் காலடியில் நிற்கும்போதும் கூப்பிடுவார்.

குட்டிக்கு ஆறு மாதமானதும் கருத்தடைக்காகக் காப்பகத்துக்கு நாயை நான்தான் கூட்டிப்போனேன். பதிவேட்டைப் புரட்டிய அதே பெண் பெயர் கேட்டாள். சொன்னேன்.

"அப்படி யாரும் இல்லையே." விரலை நகர்த்தினாள். "ஓ, இதுவா! இங்க இருந்தப்ப இவ பேரு பிஸ்கட். உங்க வீட்டுக்காரர்தான் இந்த பெஞ்சுல உட்கார்ந்து யோசிச்சு யோசிச்சு மாத்தினார். பாவம், யார் மேல கோபமோ!"

மாலையில் தையல் போட்ட நாயைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினேன். வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவர் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"பேரு கேட்டாங்களா?" என்றார்.

"கேட்டாங்க."

அவர் நகரவில்லை. நான் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ரூனாக்கோ அப்பா, அன்னைக்கு நான் சந்தைக்குப் போகலை. வீட்டுலதான் இருந்தேன்."

"தெரியும். அவ அந்தக் கதவுகிட்ட நின்னுதான் எனக்குப் போன் பண்ணினா. 'அண்ணா, யாரும் திறக்கலை, ஆனா திரை ஆடுது'ன்னா. காத்தா இருக்கும், கிளம்பிப் போன்னு நான் சொன்னேன்." மறுபடியும் சொன்னார்: "நான் சொன்னேன்."

நாய் என் கையில் முனகியது. அவர் கதவுவரை வந்து தாழ்ப்பாளில் கை வைத்தார். வைத்த கை அப்படியே இருந்தது.