இருபது எண்ணிவிட்டு வா

"ஏங்க, நாற்காலியில முள்ளு ஏதும் இருக்கா?" என்று கேட்டாள் மனைவி. சாப்பிட வந்த ஓட்டலில், மாஸ்டர் அதற்குள் மூன்று தடவை எழுந்து, மூன்று தடவையும் கால்சட்டையைச் சரிசெய்கிற மாதிரி பாவனை காட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

காலையில் ரயிலில் மகளுக்குக் கொடுத்த வாக்குதான் அவரைக் குத்திக்கொண்டிருந்தது. மகளுக்குப் பதினைந்து வயசு. ஏழு வயசில் யாரோ கொடுத்த ஒரே ஒரு பிஸ்கட்டைக் கடித்துவிட்டு, முகம் பூசணிக்காயாக வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தவள். பிஸ்கட்டில் வேர்க்கடலை இருந்திருக்கிறது. அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு வேர்க்கடலைதான் எமன். மூச்சு அடைத்தால் உடனே குத்திக்கொள்ள, மகளின் பையில் பேனா மாதிரி ஒரு ஊசி எப்போதும் இருக்கும், தாயின் பையில் இன்னொன்று.

அதோடு விடுகிற ஆளா மாஸ்டர்? இருபத்திரண்டு வருஷமாக ஒரு பெரிய ஓட்டலின் சமையல்கட்டை ஆண்டுகொண்டிருக்கிறவர். குடும்பத்தோடு எங்கே சாப்பிடப் போனாலும் நேரே அடுப்படிக்குள் புகுந்துவிடுவார். மூடியைத் திறப்பார், எண்ணெய் டின்னை மோந்து பார்ப்பார், "ஒரே கரண்டியை எல்லாச் சட்டியிலயும் விடுறீங்களா?" என்று அங்கே நிற்கிறவனைக் குறுக்கு விசாரணை செய்வார். போன வருஷம் தோழியின் பிறந்தநாள் விருந்துக்கு மகளைக் கொண்டுபோய் விட்ட இடத்திலும் இதே கூத்து. பிள்ளைகள் எல்லாம் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். மகள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

"ரெண்டு வருஷத்துல நான் ஹாஸ்டலுக்குப் போயிடுவேன். அங்கயும் வந்து மூடியைத் திறந்து பார்ப்பீங்களா?" என்று ரயிலில் கேட்டாள். "இந்தப் பயணத்துல ஒரே ஒரு சாப்பாடுப்பா. நானே கேக்கிறேன், நானே முடிவு பண்றேன். நீங்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அம்மா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

"ஏண்டி என் தலை? உங்கப்பா தலை காலியாத்தானே கிடக்கு, அதுல அடிக்கச் சொல்லு" என்றாள் தாய். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த வேகத்தில் மாஸ்டரும் சத்தியம் செய்துவிட்டார்.

இப்போது மணி ஒன்றரை. காலை முழுக்க அருங்காட்சியகத்தில் எலும்புக்கூடுகளைப் பார்த்து, தெருத்தெருவாக நடந்து, கால் கெஞ்சியது. ஓட்டலைத் தேர்ந்தெடுத்தவன் கூட வந்த மச்சான், மனைவியின் தம்பி. வெளியே எரிந்த விளக்குகளைப் பார்த்தே "இதுதான் நல்ல ஓட்டல்" என்று முடிவு கட்டிவிட்டான். உள்ளே ஒரே இரைச்சல். ஒரு மேசை காலியாவதற்குள் இரண்டு குடும்பம் அதன் தலைமாட்டில் வந்து நின்றது. சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் உட்கார்ந்த இடத்துக்கு எதிரே சமையல்கட்டின் கதவு. அரைக்கதவு, தள்ளினால் திறந்து தானே மூடிக்கொள்வது. கீழே ஒரு முழத்துக்கு இடைவெளி. ஓடுகிற கால்கள் மட்டும் தெரிந்தன. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சர்வர் வந்தார். நாற்பது வயசு இருக்கும், நெற்றியெல்லாம் வியர்வை. மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, எனக்கு வேர்க்கடலை ஆகாது. கடலை எண்ணெய், பொடி, அரைச்சது எதுவும் கூடாது. கொஞ்சம் பட்டாலே மூச்சு நின்னுடும். காய்கறி ஃபிரைட் ரைஸ்ல இருக்கான்னு உள்ள சமைக்கிறவர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றீங்களா? நான் காத்திருக்கேன்."

அடேயப்பா! எவ்வளவு தெளிவு, எவ்வளவு நிதானம்! மாஸ்டருக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. சர்வர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

மாஸ்டரின் கண் கதவுக்குக் கீழே போனது. சர்வரின் ஒரு காலில் கயிறு அவிழ்ந்த கறுப்பு ஷூ. அந்த ஷூ உள்ளே போனது, நின்றது, திரும்பியது. பிறகு அசையவில்லை. நுனி இரண்டும் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்தபடி இருந்தன.

மாஸ்டரின் உதடு தன்னால் முணுமுணுக்க ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

"என்ன அத்தான், மந்திரமா?" என்றான் மச்சான்.

பதினெட்டு, பத்தொன்பது. கதவு திறந்தது. "கேட்டுட்டேன்மா, வேர்க்கடலையே கிடையாது. தாராளமா சாப்பிடுங்க."

"பார்த்தீங்களா?" என்று மகள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு ஓட்டலில் அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. சாப்பாடு சொல்லியாயிற்று.

மாஸ்டர் மறுபடியும் அரைக்கதவைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனால் சத்தியம் போச்சு, இந்தச் சிரிப்பும் போச்சு. எழாமலே தடுக்கலாம் என்றால், உள்ளே நடந்தது தனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

"இங்க ஏதோ நாத்தம் அடிக்குது. வேற எங்கயாவது போலாமே" என்றார்.

"உங்களுக்கு எந்த ஓட்டல்லதான் நாத்தம் அடிக்கல?" என்றாள் மனைவி. "பசியில எனக்குக் கண்ணு இருட்டுது. பேசாம உக்காருங்க."

"கூட்டம் ஜாஸ்தி. கரண்டி கலந்துடும். வெறும் பிரெட் வாங்கிக்கலாம்மா."

மகளின் முகம் சுருங்கியது. "நான் கேட்டது சரியில்லையா?"

"நல்லாத்தான் கேட்டே."

"அப்புறம் என்னப்பா? நீங்க கேட்டாத்தான் உண்மை வருமா? நான் கேட்டா வராதா?"

தட்டுகள் வந்தன. ஆவி பறந்தது. நல்ல வாசனை. அந்த வாசனையில் வறுத்த கடலை இருக்கிறதா இல்லையா என்று அவரால் பிரிக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருஷ மூக்கு, நேரம் பார்த்துக் கைவிட்டது. மகள் கரண்டியில் அள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள்.

மாஸ்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"அவர் கேக்கலம்மா."

"என்னது?"

"உள்ள யார்கிட்டயும் கேக்கல. கதவுக்குப் பின்னாடி சும்மா நின்னுட்டு வந்தாரு. கீழ காலு தெரிஞ்சுது. கேக்கப் போனவன் காலு அடுப்பைப் பார்த்துத்தானே நிக்கும்? அவரு காலு நம்மளைப் பார்த்து நின்னுது."

மச்சான் கடகடவென்று சிரித்தான். "பாம்பின் கால் பாம்பறியும்னு சும்மாவா சொன்னான்! அத்தான், நீங்க போலீசுல சேர்ந்திருக்கணும்."

மகள் சிரிக்கவில்லை. "நின்னுக்கிட்டே யார்கிட்டயாவது கேட்டிருக்கலாம் இல்லையா? அதை வச்சு எப்படிச் சொல்றீங்க?"

"எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்ப்பா?"

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, அந்த டம்ளரைப் பார்த்தபடியே சொன்னார்.

"நானே சொல்லிக் கொடுத்திருக்கேன். எங்க ஓட்டல்ல. கூட்ட நேரத்துல சர்வருங்க வந்து அதுல பால் இருக்கா, இதுல முட்டை இருக்கான்னு கேட்டா எரிச்சலா வரும். என்கிட்ட வராதீங்கடா, கதவுக்குப் பின்னாடி நின்னு இருபது எண்ணிட்டுப் போய், 'கேட்டுட்டேன், அதெல்லாம் இல்ல'ன்னு சொல்லுங்கன்னு சொல்லுவேன். கேட்டவங்களுக்கும் திருப்தி, எனக்கும் வேலை கெடாது."

மச்சான் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

மகள் கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். "எனக்கு இப்படி ஆனதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

முன்னாடி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"ரெண்டும்."

"கடைசியா எப்போ?"

"போன ஞாயித்துக்கிழமை."

"யாருக்கு?"

"தெரியாதும்மா. ஏதோ ஒரு டேபிள்."

"பெரியவங்களா? சின்னப் புள்ளையா?"

"நான் உள்ளதானேம்மா இருப்பேன்" என்றார். "யாரையும் பார்க்கிறதில்ல."

சொன்னபிறகுதான் அந்தப் பேச்சு எவ்வளவு கேவலமானது என்று அவருக்கே உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊர் ஊராகப் போய் அடுத்தவன் சட்டியைத் திறந்து பார்க்கிறவன், தன் அடுப்பில் ஒரு நாளாவது நின்று யோசித்திருக்கிறானா? யோசித்திருக்கிறான், அதுதான் கொடுமை. யோசனை வரும்போதெல்லாம் அடுத்த ஆர்டரும் வந்துவிடும்.

மகள் எழுந்தாள். மாஸ்டரும் எழப்போனார். "நீங்க உக்காருங்க. சத்தியம் பண்ணியிருக்கீங்க" என்றாள்.

நேரே கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். கீழே அவளுடைய நீலச் செருப்பு தெரிந்தது. நுனி உள்ளே பார்த்து நின்றது. மாஸ்டர் எண்ணவில்லை.

திரும்பி வந்தபோது சர்வரும் பின்னாலேயே வந்தார், முகம் செத்துப்போய். "சாஸ்ல வேர்க்கடலையை அரைச்சு விடுறாங்களாம் பாப்பா. சத்தியமா எனக்குத் தெரியாது. மன்னிச்சுடுங்க சார்" என்று மாஸ்டரிடம் கை கூப்பினார். மாஸ்டரால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

"முட்டையை ஓட்டோட புதுத் தண்ணியில அவிச்சுத் தரச் சொல்லியிருக்கேன்" என்றாள் மகள். "ஓடு இருந்தா எந்தக் கரண்டி பட்டாலும் ஒண்ணும் ஆகாது." அவருக்கே தோன்றாத யோசனை. பாராட்டத் தனக்கு என்ன யோக்கியதை என்று இருந்தது.

முட்டை வந்தது. மேசைத்துணியைச் சுருட்டி ஒதுக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, மகள் தானே உரித்தாள். பாதி உரிக்கும்போது நிறுத்தினாள்.

"இன்னிக்கும் ஞாயித்துக்கிழமைதானேப்பா?"

"ஆமா."

"இந்நேரம் உங்க ஓட்டல்லயும் கூட்டமா இருக்குமா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. போனை எடுத்தார். ஒருமுறை, இருமுறை மணி அடித்து, மூன்றாவது தடவை அவருடைய சமையல்கட்டு அசிஸ்டெண்ட் எடுத்தான். பின்னால் வறுவல் சத்தம், காற்றாடிச் சத்தம்.

"என்ன மாஸ்டர், ஊர் சுத்தாம போன் பண்றீங்க? இங்க கூட்டம் பிச்சுக்கிட்டுப் போகுது."

"டேய், கேளு. சர்வர் யாராவது இது ஆகாது அது ஆகாதுன்னு கேட்டு வந்தா இனிமே எண்ணக் கூடாது. உள்ள வந்து கேக்கணும். நீ பார்த்துத்தான் பதில் சொல்லணும். எல்லார்கிட்டயும் இப்பவே சொல்லு."

"சரி மாஸ்டர்."

"போனை வைக்காத. சொல்லிட்டு வா. நான் காத்திருக்கேன்."

"இதோ மாஸ்டர், சொல்லிட்டு வந்துடறேன்."

மாஸ்டர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். வறுவல் சத்தம் கேட்டது. காற்றாடி கேட்டது. சட்டியில் கரண்டி தட்டுகிற சத்தம் கேட்டது. அசிஸ்டெண்டின் மூச்சு, போனுக்கு மிகப் பக்கத்தில், கேட்டது. அவன் குரல் மட்டும் கேட்கவில்லை. யாரையும் கூப்பிடவில்லை, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

"மாஸ்டர், எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

மகள் உரித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டாராப்பா?"

"இல்லம்மா" என்றார் மாஸ்டர். "எண்ணினான்."