இறால் ஓடும் எங்கள் வீட்டுக் குழாயும்

1

இந்தக் கதை, அக்கா குப்பைத்தொட்டியில் கொட்டியதிலிருந்து கிடைத்தது. அவளுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. இறால் ஓட்டிலிருந்து எடுத்த பசையோடு ஒரு சாயத்தைச் சேர்த்துக் காயவைத்து, மெல்லிய பட்டைகள் செய்கிறாள். தண்ணீரில் துளியூண்டு காரீய விஷம் இருந்தாலும் வெள்ளைப் பட்டை சிவந்துவிடும். (இறால் ஓடா கதாநாயகன் என்று முகம் சுளிப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.)

2

முதல் தொடக்கம்: "கடல் தன் ரகசியத்தை ஓர் ஓட்டுக்குள்—"

வேண்டாம். எனக்கே குமட்டுகிறது.

இரண்டாவது தொடக்கம்: பரிசோதனைக்கூடத்தில் சுத்த நீர் எந்திரம் மக்கர் பண்ணியது. ஒப்பிட்டுப் பார்க்கக் கலப்பில்லாத தண்ணீர் வேண்டுமே என்று அக்கா வீட்டுக் குழாயில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போனாள். பட்டை சிவந்தது. பட்டைதான் சொதப்பிவிட்டது என்று மொத்தத்தையும் கொட்டினாள். புதிதாகச் செய்தாள். அதுவும் சிவந்தது, அதையும் கொட்டினாள். ஊர்த் தண்ணீரையெல்லாம் சந்தேகப்படவே சம்பளம் வாங்குகிறவள், சொந்த வீட்டுத் தண்ணீரை மட்டும் விட்டுவிட்டாள்.

(அக்காவை மக்காகக் காட்டுகிறேனோ? நானும் குடத்தில் மிச்சமிருந்த அதே தண்ணீரில் போட்ட டீயைக் குடித்தபடிதான் இதை எழுத ஆரம்பித்தேன். இப்போது கப்பைத் தள்ளி வைத்திருக்கிறேன்.)

3

முன்பே சொல்லியிருக்க வேண்டும்: அக்கா மாசமாக இருக்கிறாள். டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னதும், அம்மா சொம்பும் கையுமாக அவள் பின்னாலேயே அலைந்தாள்.

நேற்று எந்திரம் சரியானது. அந்தத் தண்ணீரில் பட்டை வெள்ளையாகவே இருந்தது. அக்கா பாதி வேலையில் கிளம்பி வந்து சமையலறைக் குழாயை இறுக மூடினாள்.

"பைப்பு பழசுதான். ஆனா தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கேடி," என்றாள் அம்மா.

"காரீயம் கண்ணுக்குத் தெரியாதும்மா."

அம்மா கையிலிருந்த சொம்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

4

இன்று காலை அக்கா, ரத்தத்தில் காரீயம் ஏறியிருக்கிறதா என்று பரிசோதனைக்குப் போய் வந்தாள். முடிவு நாளைக்கு.

முடிவு அ: ரத்தத்தில் ஒன்றுமில்லை. அக்கா சிரித்தபடி—

முடிவு ஆ:

(இதை எழுதப் போவதில்லை.)

அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"முதல் முடிவையே வச்சுக்கவாக்கா?"

"நீ எழுதினா ரிப்போர்ட் மாறிடுமா?"

"மாறாது."

"அப்ப வேணாம்டா."

வாசல்வரை போனவள் வயிற்றில் கை வைத்தபடி திரும்பினாள். "இல்ல, எழுதியே வை."

மறுபடி பேனாவை எடுத்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது, கை ஓடவில்லை. நீங்கள் எழுதிவிடுங்கள். கொஞ்சம் நல்லதாகவே எழுதுங்கள்.