கறுப்பு டேப் சுற்றிய ரிவால்வர்

அடகுக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு தூண்டில் கம்புக்கும் யாரோ மீட்காமல் விட்ட கல்யாண மோதிரத்துக்கும் நடுவில் அது கிடந்தது. துரு ஏறிய சின்ன ரிவால்வர். பிடியில் கறுப்பு டேப் சுற்றிச் சுற்றி, அடிபட்டு வீங்கிய முட்டி மாதிரி இருந்தது. டெல்லா ஸ்டாம்பருக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது. அவள் அப்பாவுடையது. இரண்டு வருடமாக அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

"அதுவா கண்ணு?" என்றார் கடைக்காரர். தாடியில் காபி சொட்டிக்கொண்டிருந்தது. "அதைச் சுடறதவிட எடுத்து எறிஞ்சா நல்லா படும். உன்ன மாதிரிப் பொண்ணுக்கு இந்தப் பக்கம் புதுசு வச்சிருக்கேன் பாரு, ரோஸ் கலர்ல கூட இருக்கு."

"ரோஸ் கலர உங்க பொண்டாட்டிக்கு வைங்க. அந்தத் துருவ எடுங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எந்த வீட்டுப் பொண்ணு நீ? ஆத்துக்கு அந்தப் பக்கமா?"

"ஆர்வில் ஸ்டாம்பர் பொண்ணு."

"மரமில் ஆர்வில்லா? அடடே. டேப்பு ஆர்வில்!"

கென்டக்கியின் அந்தக் கிழக்கு மலைமூலையில் அவள் அப்பாவுக்கு அதுதான் பெயர். தண்ணீர்க் குழாய் ஒழுகினால் டேப். நாற்காலிக் கால் ஆடினால் டேப். மூக்குக் கண்ணாடி உடைந்தால் டேப். ஆறாம் வகுப்பில் டெல்லாவின் ஷூ வாயைப் பிளந்தபோது அதற்கும் கறுப்பு டேப்தான். அந்த வருடம் முழுக்கப் பள்ளிக்கூடப் பேருந்தில் அவள் பெயர் 'டேப்பி'. படித்து, அந்த வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போய், வேதியியலில் பட்டம் வாங்கி, இன்று மாவட்டத்துக் குடிநீரைச் சோதிக்கிற வேலையில் இருக்கிறாள். யார் வீட்டுத் தண்ணீரில் என்ன விஷம் என்று கையெழுத்துப் போடுகிறவள். கடைக்காரர் சிரித்துக்கொண்டு சொன்ன அந்த ஒரு வார்த்தையில் அத்தனையும் உரிந்து விழுந்தது. துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்ப வேண்டிய படிவத்தில் ஆம், இல்லை என்று கோபத்தோடு டிக் அடித்து, நாற்பது டாலரைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அதைத் தொலைத்தவளும் அவளேதான். அம்மா முன்பே இறந்துவிட்டாள். அப்பா செத்தபோது அண்ணன் கார்பின் ஒஹாயோ ஆற்றில் நிலக்கரிப் படகில் வேலையாக இருந்தான். இருபத்தெட்டு நாள் படகு, பதினான்கு நாள் கரை. புதைக்கிற அன்றைக்கு வந்து தலையைக் காட்டிவிட்டு மறுபடியும் படகேறிவிட்டான். வாடகை வீட்டை மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும். தனி ஆளாக டெல்லா ஏலக்காரனை வரவழைத்தாள். விலை போகாத சாமான்களைப் பெட்டி பெட்டியாகப் போட்டுப் பெட்டியோடு ஏலம் விடுவது அங்கே வழக்கம். உடைந்த டார்ச், துருப்பிடித்த பொறிகள், திருகாணி டப்பா, கூடவே இந்த ரிவால்வர். எல்லாம் ஒரே பெட்டி. யார் எடுத்துப் போனார் என்றுகூட அவள் பார்க்கவில்லை.

கார்பின் திரும்பி வந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தச் சின்ன ரிவால்வர் எங்க?"

அவள் சொன்னாள். அவன் வலது கையைக் கால்சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான். அந்தக் கை எப்போதும் பைக்குள்தான் இருக்கும். பதினான்கு வயதில் மரமில்லில் சுண்டு விரலும் மோதிர விரலும் போயின. சின்னப் பையனை ரம்பத்துக்குப் பக்கத்தில் விடக்கூடாது என்று எழுதிப் போட்டிருந்த மில்லுக்கு, ஆள் குறைவாக இருக்கிறது என்று அவனைக் கூட்டிக்கொண்டு போனவர் அப்பா. அதைப் பற்றி அந்த வீட்டில் ஒரு நாளும் ஒருவரும் பேசியதில்லை.

"வீடு பூரா வித்துக்க. எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான்" என்றான். "அது கிடைச்சா கூப்பிடு. கிடைக்கலேன்னா கூப்பிடாத."

இரண்டு கிறிஸ்துமஸ் போயிற்று. அவன் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

கிடைத்த அன்றே கூப்பிட்டிருக்கலாம். அதைத்தான் இன்றைக்கு வரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் அந்தத் துருவோடு, அந்த டேப்போடு கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தப்புச் செய்தவள் தொலைத்ததை அப்படியே திருப்பிக் கொடுத்தால் போதாது, அதைவிட நல்லதாகத் தர வேண்டும் என்று தோன்றியது. இன்னொன்றும் இருந்தது. இந்தக் குடும்பத்திலிருந்து டேப் இல்லாத ஒரு பொருளாவது இருக்கட்டும் என்கிற வீம்பு.

சனிக்கிழமை காலை சமையலறை மேசையில் பழைய துண்டை விரித்தாள். முதலில் உருளையை ஒவ்வொரு குண்டறையாகச் சுழற்றி, ஒன்பதும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தாள். பிறகு பிளேடால் டேப்பைக் கீறினாள். மேல்சுற்று காய்ந்து உதிர்ந்தது. உள்சுற்று வியர்வையும் பிசினுமாக வெல்லப்பாகு மாதிரி இழுத்தது. எண்ணிக்கொண்டே உரித்தவள் பதினொன்றில் எண்ணுவதை விட்டுவிட்டாள். அடியில் விரிந்து தளர்ந்துபோன ரப்பர் பிடி. அதன் ஒரு பக்கத்தில், கீழ்ப்பாதியில், ஹிக்கரி என்கிற கெட்டி மரத்தில் செதுக்கிய ஒரு சின்ன ஆப்பு. அதன்மேல் பழைய பெல்ட்டிலிருந்து அறுத்த தோல் துண்டு.

"ஒரு திருகாணி வாங்கிப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்" என்று வாய்விட்டே சொன்னாள். செத்தவரைத் திட்டுவது அவளுக்குப் புதிதில்லை.

டேப், ஆப்பு, தோல், ரப்பர் எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுருட்டிக் கொல்லையில் குப்பை எரிக்கும் தகரப் பீப்பாயில் போட்டுத் தீ வைத்தாள். கறுப்புப் புகை நாற்றத்தோடு மேலே போயிற்று. ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

அதன் பிறகு நடந்ததை அவள் இன்னமும் குறை சொல்ல மாட்டாள். அவ்வளவு நன்றாக வேலை செய்தாள். கழற்றிய திருகாணி ஒவ்வொன்றையும் முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாக வைத்து, எது எங்கே என்று பென்சிலால் எழுதினாள். திருகாணித் தலை சிதையக் கூடாது என்று திருப்புளி நுனியை அரத்தில் தேய்த்துப் பொருத்திக்கொண்டாள். பாகங்களை ஒரு வாரம் எண்ணெயில் ஊறப்போட்டாள். மெல்லிய இரும்பு நாரை எண்ணெயில் தோய்த்து, அழுத்தாமல் துருவை மட்டும் வருடி எடுத்தாள். குழலுக்குள் பித்தளைப் பிரஷ்ஷை விட்டுத் துணியால் துடைத்தபோது முதல் துணி தார் மாதிரி வந்தது. இருபதாவது துணி வெள்ளையாக வந்தது. தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றினாள். சோதனைக்கூடத்தில் செய்வது போலவே இரும்பின் பிசுக்கை நீக்கி, சூடாக்கி, துருவைத் தடுக்கும் நீலப்பூச்சைத் தடவி, கழுவி, மறுபடியும் தடவினாள். நாலாவது பூச்சில் அது மழைக்கு முந்தின வானத்தின் நிறத்துக்கு வந்தது. கடைசியாக, தபாலில் வரவழைத்த வால்நட் கட்டைப் பிடி. நூல் பிசகாமல் உட்கார்ந்தது. கையில் எடுத்தாள். அப்படி ஒரு பொருத்தம்.

அப்புறம்தான் கூப்பிட்டாள்.

"கிடைச்சிருச்சு."

அந்தப் பக்கம் படகு எஞ்சின் இரைந்தது. "பொய் சொல்லாத டெல்" என்றான் கார்பின்.

"பொய் சொல்ல உன்னக் கூப்பிடுவேனா? ஞாயித்துக்கிழமை வா. பீன்ஸ் வேக வைக்கிறேன்."

"நீயா? சமைப்பியா? காலேஜ்ல அதுக்கும் பாடம் வச்சாங்களா?"

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவன் அவளைச் சீண்டினான். போனை வைத்துவிட்டு அவள் அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதாள். அதை யாரிடமும் சொல்லமாட்டாள்.

ஞாயிறு மதியம் வந்தான். முகத்தில் ஒரு வாரத் தாடி, தொப்பியில் கரித்தூள். பீன்ஸையும் சோளரொட்டியையும் பச்சை வெங்காயத்தையும் இடது கையாலேயே சாப்பிட்டான். உப்புக் குறைச்சல் என்றான். "தண்ணிய டெஸ்ட் பண்றவளுக்கு உப்பு எங்க தெரியப்போகுது" என்றான். அவள் கரண்டியால் அடிக்கப் போனாள். எல்லாம் பழையபடி ஆகிவிடும் போல இருந்தது.

வெள்ளைத் துணியில் சுற்றியதைக் கொண்டுவந்து அவன் முன்னால் விரித்தாள்.

அவன் பார்த்தான். தொடவில்லை.

"எது இது?"

"அதுதான். அப்பாவோடது. நம்பர் பாரு, அதேதான். எல்லாம் நானே பண்ணேன். ஒன்பது வாரம்."

"அழகா இருக்கு" என்றான் மெதுவாக. "நிஜமாவே. கடையில கூட இப்படிப் பண்ண மாட்டான்."

பிறகு வலது கையைப் பையிலிருந்து எடுத்தான். மூன்று விரல் கை. துப்பாக்கியை எடுத்துப் பிடித்தான். உள்ளங்கையின் கீழ்ப்பக்கம், விரல் இல்லாத அந்த இடம், எதையோ தேடுவது போல வால்நட் கட்டையின்மேல் நகர்ந்தது. அங்கே ஒன்றுமில்லை. குழலின் நுனி தானாகக் கீழே சாய்ந்தது.

டெல்லாவுக்குப் புரிந்துவிட்டது. அவன் சொல்ல வேண்டியதே இல்லை. அவள் கண் கொல்லைப் பீப்பாயின் பக்கம் போயிற்று.

"வா, சுட்டுப் பாப்போம்" என்றான். கொல்லை மேட்டில் தகர டப்பாவை வைத்தான். ஒன்று சுட்டான். பிடி கைக்குள் உருண்டது. இன்னொன்று. மண்தான் தெறித்தது. மூன்றாவது சுடவில்லை. உருளையைக் காலி செய்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான்.

"உள்ள ஒரு ஆப்பு இருந்துச்சே டெல்."

"எரிச்சுட்டேன்."

"தோலும்?"

"எல்லாம்."

அவன் தலையாட்டினான். கத்துவான் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள், அது அவளுக்கு நன்றாக வரும்.

"என் கைக்கட்டப் பிரிச்ச பனிக்காலம் அது" என்றான். "தினமும் சாயங்காலம் அப்பா என் கையப் பிடிச்சுக்கிட்டு உக்காருவாரு. ஆப்பச் செதுக்குவாரு, என் கைக்கு வச்சுப் பாப்பாரு, திரும்பச் செதுக்குவாரு. ஒரு வாரம். டேப்பு ஒட்டும்போது, என் கை சூட்டுலயே அது படியணும்னு, என்னைப் பிடிக்கச் சொல்லி மேல மேல சுத்துனாரு. மன்னிச்சுக்கடான்னு அந்த மனுஷன் வாயால சொன்னதில்ல. அதுதான் சொன்னது."

"எனக்குத் தெரியாது கார்பின். அப்ப நான் எங்க இருந்தேன்?"

"உன் ரூம்ல. கதவச் சாத்திட்டுப் படிச்சிட்டிருந்த."

"கதவத் தட்டி யாராவது என்னைக் கூப்பிட்டீங்களா? ஒரு நாள்? நரி வேட்டைக்கும் அணில் வேட்டைக்கும் நீங்க ரெண்டு பேரும் போவீங்க. பொண்ணுக்கு எதுக்குன்னு விட்டுட்டுப் போவீங்க. அந்த டேப்புக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிஞ்ச டேப்பு என் ஷூவுல இருந்தது!"

"கூப்பிடல" என்றான். "கூப்பிட்டிருக்கணும்."

அதற்குமேல் அவளிடம் கோபம் மிச்சமில்லை. உள்ளே ஓடி, சோதனைக்கூடத்து அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்தாள். "கையக் காட்டு. அளந்து செதுக்கறேன். திரும்பச் செஞ்சிரலாம்."

அவன் அளவுகோலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். மூன்று விரலையும் மடக்கிப் பைக்குள் விட்டுக்கொண்டான். முரட்டுத்தனமாக இல்லை. பழக்கம்.

"நல்லாச் செய்வே, தெரியும். ஆனா அது நீ செஞ்சதாத்தான் இருக்கும் டெல்." எழுந்து, துப்பாக்கியை அவள் கையில் வைத்தான். "நீயே வச்சுக்க. உனக்குச் சரியா உக்காருது பாரு."

சரியாகத்தான் உட்கார்ந்தது. அதை அப்போது அவளால் பொறுக்க முடியவில்லை.

"அடுத்த தடவ கரைக்கு வரும்போது வருவியா?"

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்தான். பீன்ஸுக்கு உப்பு போடு."

அவன் வண்டி சரிவில் இறங்கி, திருப்பத்தில் மறைந்தது. டெல்லா உள்ளே வந்தாள். துப்பாக்கியை மேசையில் வைத்தாள். புது நீலப்பூச்சுக்கு மேல் விரல்தடம் பட்டால் வியர்வை உப்பு அரித்துத் துரு பிடிக்கும். ஒன்பது வாரப் பழக்கத்தில் கை தானாக எண்ணெய்த் துணியை எடுத்தது, குழலையும் உருளையையும் ஒரே இழுப்பில் துடைத்தது. துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் பார்த்தாள், ஓரத்தில் ஒரு தடம், கார்பினின் பெருவிரல், கரித்தூளோடு. துணியை நிறுத்துவதற்குள் அதன் பாதி போயிருந்தது. மிச்சப் பாதி எண்ணெயில் மிதந்து, என்னவென்று தெரியாத ஒரு கறுப்புக் கீற்றாக இருந்தது.