நடு ஏரியில் ஒரு கைநாட்டு

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதைப் பார்க்க ஐம்பது காசு. வெறுங்கண்ணால் பார்த்தால் இனாம். குழாய்க் கண்ணாடி வழியாகப் பார்க்கத்தான் அந்த ஐம்பது. ஏற்காட்டில் அதையும் நிலப் புரோக்கர் சுப்பிரமணியே கொடுத்தார். கனகத்துக்கு அப்போதே சந்தேகம். கைக்காசை இப்படி இறைக்கிற புரோக்கரை அவள் ஊர் சேரப்பணஞ்சேரி கண்டதில்லை.

தொண்ணூற்றொன்றில் அங்கே நிலத்துக்குத் திடீர் மவுசு. கம்பெனி வரப்போகிறது என்று பேச்சு. ரோட்டோரத்து அறுபது சென்ட், கனகத்துக்கு அவள் அப்பன் எழுதிவைத்தது. விற்கமாட்டேன் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் புருஷன் தாண்டவராயன், சுப்பிரமணி தன் செலவில் டூர் கூட்டிப்போகிறார் என்று வந்து நின்றான். ஏரி என்றதும் மகள் ரஞ்சனி குதித்தாள். கிளம்பிவிட்டார்கள்.

வந்தது முதல் கடைத்தெருவுக்குப் போனாலும் பின்னாலேயே சுப்பிரமணி. ஊருக்கு போன் போடணும் என்றால் லைன் கிடைக்காது என்பார். குதிரை சவாரி, ராட்டினம், மான் பூங்கா என்று ரஞ்சனியின் கை அவர் கையிலேயே இருந்தது. லாட்ஜ் ரூம் சாவியும் அவரிடம்தான்.

இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, படகு. நடு ஏரிக்கு வந்ததும் படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார்.

"இங்கதானுங்களே சார் எப்பவும் பேப்பர் எடுப்பீங்க? போன வாரம் சந்திரம்மாள்னு ஒரு அம்மாவும் இங்கதான் ரேகை வெச்சாங்க."

சந்திரம்மாள் பக்கத்துத் தெரு. டூர் போய்த் திரும்பியபோது அவளிடம் கம்பளித் தொப்பி இருந்தது, நிலம் இல்லை.

சுப்பிரமணி வெட்கப்படவில்லை. பையிலிருந்து பத்திரத்தாளையும் மைப்பெட்டியையும் எடுத்தார். இன்றைக்கு அக்ரிமென்ட், நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் என்றார். அதுவரைக்கும் வேறு புரோக்கர் கண்ணில் படாமல் இருக்கத்தான் மலை. அட்வான்ஸ் ஐயாயிரத்தைத் தாண்டவராயன் எப்போதோ வாங்கியாயிற்று.

கனகம் புருஷனைப் பார்த்தாள். அவன் மலையைப் பார்த்தான். அந்தக் காசில் பழைய டிவிஎஸ் ஐம்பது வாங்கி மாமன் வூட்டில் நிறுத்தியிருப்பதாக முனகினான்.

சுற்றிலும் தண்ணீர். யாருக்கும் நீச்சல் தெரியாது. ரஞ்சனி சுப்பிரமணியின் மடியில்.

"வெச்சிடு தங்கச்சி. கரைக்குப் போலாம்."

"வெக்கிறேன்ணே. கை அழுக்கா கீது. கழுவிக்கினு வெக்கிறேன்."

இரண்டு கையையும் ஏரிக்குள் விட்டாள். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. சுப்பிரமணி பலகையைப் பிடித்துக்கொண்டார். அவசரப்படுத்தினார், கெஞ்சினார், விலையை ஏற்றினார். கனகம் கழுவிக்கொண்டே இருந்தாள். குளிர் முழங்கைக்கு ஏறியது. அரைமணி முடியப்போகிறது என்று படகுக்காரர் சொன்னபோதுதான் கையை வெளியே எடுத்தாள்.

கட்டைவிரல் வற்றல் போலச் சுருங்கியிருந்தது. சுப்பிரமணி துடைத்துப் பிடித்து அழுத்தினார். கறை. இன்னொரு தரம். பெரிய கறை. இருந்த ஒரே பத்திரத்தாள் பாழ். ஞாயிற்றுக்கிழமை, வேறு தாளுக்கு வழியில்லை.

"நாளைக்கு சேலத்துல தாள் வாங்கி வெச்சிக்கலாம்," என்றார்.

"நாளைக்கும் கழுவுவேண்ணே."

கரையேறியதும் அவர் வேனில் ஏறிப் போய்விட்டார். அவர் கணக்கெல்லாம் இவர்கள் தலையில் விழுந்தது. பில்லைத் தீர்க்காமல் பெட்டி வெளியே போகாது என்று லாட்ஜ்காரர் வாசலில் நின்றார். கனகம் கம்மலைக் கழற்றினாள். தாண்டவராயன் அடகுக்கடைக்கு ஓடினான்.

கம்மல் அடகில் வந்தது நானூறு. லாட்ஜ் நூற்றறுபது, சாப்பாடு எழுபத்திரண்டு, படகு முப்பது, ஊருக்குப் பக்கத்துப் படப்பை வரைக்கும் பஸ் இரண்டரை டிக்கெட் நூற்றிப்பத்து. கையில் மிச்சம் இருபத்தெட்டு. நிலம் அறுபது சென்ட், அவள் பேரில். சுப்பிரமணிக்குப் பாக்கி ஐயாயிரம்.